தகவல்: மேலே இருப்பவர்

கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸோடு ஒரே பஸ்ஸில் ஏறினால் காது போய்விடும் என்று கொட்டாஞ்சேனையில் அவள் இருக்கிற சின்ன ஒழுங்கைக்காரர் சொல்வார்கள். மனுசி சும்மா இருக்காது. யன்னல் பக்கம் இருந்துகொண்டு றோட்டோரத்துப் பலகைகளை ஒவ்வொன்றாக உரத்து வாசிக்கும். வாசித்து முடிய, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கமும் சொல்லும். அதுவும் சமயக்காரர் வைத்த பலகை என்றால் போச்சு! இறங்கவேண்டிய இடம் தாண்டினாலும் தெரியாது.

மருதானையில் ஒரு ஜெபசபையின் வாசலில் இப்படி இருந்தது: "ஞாயிறு காலை எட்டு மணி. முன்வரிசை எப்போதும் காலி. இடம்பிடிக்க அவசரம் வேண்டாம்." எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். கொன்ஸ்ரன்ஸ் சிரிக்கமாட்டாள். "ஆக்கள் வாறேல்ல எண்ட கவலை அந்தப் பாஸ்ரருக்கு. நேர சொன்னால் பிச்சை கேக்கிற மாதிரி இருக்கும், அதால பகிடியாச் சொல்லுறார்" என்பாள். மாளிகாவத்தையில் ஒரு பள்ளிவாசல் மதிலில்: "உங்கள் சைக்கிளை அல்லாஹ்வும் பார்க்கிறான், கமராவும் பார்க்கிறது. பூட்டுவது உங்கள் பொறுப்பு." வெள்ளவத்தையில் ஒரு கோவில் வாசலில்: "புதுச் செருப்பை எடுத்துப் போனவரை முருகன் அறிவான்." இதற்கு அவள் சொன்ன விளக்கத்தை ஒழுங்கையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். "அறிவான் எண்டு மட்டும்தான் போட்டிருக்கு, கவனிச்சனீங்களோ? பிடிப்பான் எண்டு போடேல்ல. எழுதின ஆளுக்குக் கடவுளில இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்."

வாய் அப்படி. ஆனால் அந்த வாய்க்கு ஒரு காரணமும் இருந்தது. முப்பத்துநாலு வருசம் அவள் ஒரு பேப்பர் கந்தோரில் மரண அறிவித்தல் எடுக்கிற கவுண்டரில் இருந்தவள். அழுதழுது வருகிற சனத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறது அவளுடைய வேலை. அப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன போடுகிறது, வெளிநாட்டு மருமக்களை எந்த ஒழுங்கில் எழுதுகிறது, சைவக்காரருக்கு எது, வேதக்காரருக்கு எது, எல்லாம் அவளுக்கு நுனிநாக்கில். நாள் முழுக்கச் சாவோடு இருந்துவிட்டு வெளியே வருகிறவளுக்கு றோட்டில் ஒரு பகிடி தேவைப்பட்டது. கலியாணம் செய்யவில்லை. ஓய்வு எடுத்த பிறகு இரண்டறை வீட்டில் ஒரு பூனையோடு தனியே இருந்தாள்.

இனிக் குப்பைக் கதைக்கு வருவோம். ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய மதில் இருக்கிறது. மாநகரசபை லொறியைத் தவறவிட்ட அத்தனை பேரும் பையை அங்கேதான் வீசுவார்கள். காகம், நாய், மொய்க்கிற இலையான், நாத்தம், சொல்லி வேலையில்லை. முதலில் "குப்பை போடாதீர்" என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்தார்கள். மூன்று மொழிக்காரரும் போட்டார்கள்.

பிறகு கடவுள்மாரைக் கூப்பிட்டார்கள். கொழும்பில் இது வழக்கம்தானே. மதிலில் ஒரு பிள்ளையார் படம், ஒரு மாதா படம், மூலைக்கடை பௌஸி தன் பங்குக்குப் பச்சையில் ஒரு பிறை. ஒழுங்கைச் சங்கத்துக்குத் தலைவரும் பௌஸிதான். புத்தர் படமும் வைப்போம் என்று யாரோ சொல்ல, மனிசன் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "அது மட்டும் வாணாம். அதுக்கு முன்னுக்கு ஒரு மாங்கொட்டை உழுந்தாலும் முழு ஒழுங்கையும் பொலிஸில ஈக்கணும்!"

சனம் என்ன செய்தது தெரியுமோ? சாமிகளுக்கு முன்னால் போடவில்லை. இரண்டடி தள்ளிப் போட்டது. கொன்ஸ்ரன்ஸ் வந்து பார்த்தாள். "ஆர் சொன்னது சனத்துக்குப் பக்தி இல்லையெண்டு?" என்றாள். பிறகு பௌஸியிடம், "நானா, படம் சரிவராது. வசனம்தான் வேணும். என்னட்ட விடுங்கோ" என்றாள்.

அடுத்த கிழமை ஒரு தகரப் பலகை ஏறியது. கறுப்புக் கரை கட்டி, பேப்பரில் வருகிற அதே அமைப்பில் எழுதியிருந்தது.

"முன்கூட்டிய மரண அறிவித்தல். இவ்விடத்தில் குப்பை போடுபவரின் வீட்டில் ஏழு நாட்களுக்குள் ஒருவர் இறைவனடி சேர்வார். எந்த இறைவன் என்பதை அவரவர் சமயப்படி தீர்மானிக்கவும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மேலே இருப்பவர்."

அடேயப்பா, என்ன சிரிப்பு! தெமட்டகொடையிலிருந்தெல்லாம் திறீவீலில் வந்து படம் எடுத்தார்கள். பேஸ்புக்கில் போட்டார்கள். ஆனால் சிரித்துச் சிரித்து வாசித்த சனம் கையிலிருந்த பையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனது. இரண்டு கிழமையில் அந்த இடம் கழுவித் துடைத்த மாதிரி ஆனது. பௌஸிக்கு நம்பமுடியவில்லை. "பகிடின்டு எல்லாருக்கும் தெரியும்தானே மிஸ், அப்ப ஏன் பயப்புடுற?" என்று கேட்டார்.

"தெரியும்தான் நானா. எண்டாலும் தன்ர வீட்டை வைச்சு ஆர் பரீட்சை பாக்கிறது?"

அந்தப் பதிலில் அவளுக்கு ஒரே பெருமை.

ஒருவர் மட்டும் பரீட்சை பார்த்தார். காலையில் இடியப்பம் அவித்து விற்கிற பழனியம்மா. கண் சரியாகத் தெரியாத மனுசி, பலகையையும் வாசிக்கத் தெரியாது. பையை வைத்துவிட்டுத் திரும்ப, கடைவாசலில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். "என்ன பழனியம்மா, வீட்டில ஆக்கள் கூடிப்போச்சோ, ஆரை அனுப்பப் போறீங்கள்?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ பலகையை வாசித்துக் காட்ட, பழனியம்மாவின் முகம் செத்துப்போனது. ஓடிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டாள். "அப்புடி சொல்லாதீங்க மிஸ். எம்மவன் வெளிநாட்டுல இருக்கான்" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். கொன்ஸ்ரன்ஸும்தான்.

பத்து நாள் போகவில்லை. ஒரு சனிக்கிழமை கொன்ஸ்ரன்ஸ் இறால் வாங்கிக் குழம்பு வைத்தாள். வியாழன் தொடக்கம் லொறி வரவில்லை. இறால் கோது கிடந்து வீடே நாறியது. ஞாயிறு விடியக்காலை முதல் பூசைக்குப் போகிறபோது பையையும் எடுத்துக்கொண்டு போனாள். ஒழுங்கையில் ஒரு சனம் இல்லை. தன்னுடைய பலகைக்குக் கீழேயே அதை வைத்தாள். "எழுதின ஆளுக்குச் சட்டம் இல்லை" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, பூசையில் மனம் நிற்கவில்லை. வீட்டில் ஒருவர் என்றால் அவளுடைய வீட்டில் யார்? அவள் மட்டும்தானே. விசர்க்கதை என்று தெரியும், வசனம் முழுக்கத் தன் கையால் எழுதியது என்றும் தெரியும், என்றாலும் நாள் எண்ணினாள். ஏழாம் நாள் பின்னேரம் நல்ல சீலை ஒன்றை உடுத்துக்கொண்டு கட்டிலில் சரிந்து செபமாலை சொன்னாள். கண்டெடுக்கிற ஆட்கள் பழைய சட்டையோடு காணக்கூடாதாம்! எட்டாம் நாள் கண் விழித்தபோது பூனை காலடியில் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பழனியம்மாவைச் சந்தி சிரிக்க வைத்த வாய் அல்லவா.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் ஹம்சிகா வந்து கதவைத் தட்டினாள். எதிர்வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கலியாணம் முடித்து ஒன்றரை வருசம். புருசன் ஜனா பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற கொம்பனியில் மோட்டார்சைக்கிள் ஓடுகிறவன். போகும்போதும் வரும்போதும் "மிஸ், இண்டைக்கு என்ன போர்ட் பாத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். கொழும்பு முழுக்கச் சுற்றுகிறவன், எங்கேயாவது நல்ல பலகை கண்டால் போனில் படம் எடுத்து வந்து காட்டுவான்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டே? ஏச மாட்டீங்களோ?"

"என்ன பிள்ளை, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நிற்கமுடியாமல் கதிரையில் இருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பை வைச்சிட்டன் அன்ரி. மதிலடியில. லொறி வரேல்ல, அவர் மீன் வாங்கி வந்தவர், வீடு நாறுது எண்டு ஏசினார். அவருக்குத் தெரியாது நான் எங்க வைச்சனான் எண்டு. செவ்வாய்க்கிழமை தொடக்கம் அவருக்குக் காய்ச்சல். அப்பிடிக் கொதிக்குது. இண்டைக்கு நாலாம் நாள் அன்ரி." அவள் எண்ணியது காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அல்ல, பை வைத்த நாளிலிருந்து. "அது பகிடிக்கு எழுதினதுதானே? உண்மையாச் சொல்லுங்கோ. நடக்காதுதானே?"

சொல்லவேண்டிய வசனம் கொன்ஸ்ரன்ஸுக்கு நாக்கு நுனியில் நின்றது. "நானும் வைச்சனான் பிள்ளை. ஏழு நாள் எண்ணினனான். ஒண்டும் நடக்கேல்ல. பார், குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன்." அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அந்த இடத்திலேயே மூச்சு விட்டிருக்கும்.

சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கம்தான். பிள்ளை தன் தாய்க்குச் சொல்லும், தாய் ஆருக்கோ சொல்லும், பௌஸியின் கடைக்கு வரும், பழனியம்மாவின் காதுக்குப் போகும். அறுபத்திரண்டு வயதில் சந்தி சிரிக்கவேண்டும். அந்த ஒரு நிமிசத்தில் இவ்வளவும் யோசித்தாள், பாருங்கள்!

"விசர்க்கதை கதையாத பிள்ளை" என்றாள். "காய்ச்சல் எண்டால் இரத்தம் பாக்கோணும். டெங்கு ஓடித் திரியுது. பாத்தனீங்களோ?"

"நாளைக்குப் பாக்கிறம் அன்ரி. அந்தப் பலகையை மட்டும் எடுத்துவிடுங்கோ. உங்கட கையால எழுதினது, நீங்களே எடுத்தால் போயிடும்."

பௌஸியிடம் போனாள். காரணம் சொல்லாமல் பலகையைக் கழற்றுவோமா என்று கேட்டாள். பௌஸி சிரித்தார். "இப்ப கழட்டினா நாளைக்கே மல மாதிரி குமிச்சிருவாங்க மிஸ். ஏன், மேல ஈக்கிறவர்ட்ட இருந்து போன் கோல் வந்ததா?" கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் விடாமல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரத்தம் பார்த்தார்கள். டெங்குதான். பிளேற்லெட் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் திரும்பப் பார்க்கவேண்டும், நிறைய இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று டொக்டர் சொன்னார். சனிக்கிழமையும் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் இறக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்கும் கட்டாயம் வாருங்கள் என்றார். ஹம்சிகா பிள்ளையாருக்கு நேர்ந்து மஞ்சள் துண்டில் காசு முடிந்து வைத்தாள். கொன்ஸ்ரன்ஸ் யன்னலால் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தபடி இருந்தாள். சோறு இறங்கவில்லை. இரண்டுதரம் செருப்பைப் போட்டுப் படலை வரைக்கும் போனாள், சொல்லிவிடுவோம் என்று. இரண்டுதரமும் திரும்பினாள்.

திங்கள் விடிய, ஹம்சிகா ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அன்ரி! நேற்றோட ஏழு முடிஞ்சுது! காய்ச்சலும் நேற்றுப் பின்னேரம் விட்டிட்டுது. உடம்பு அப்பிடியே குளிர்ந்திட்டுது!"

"மாதாவே!" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது. "நேற்று இரத்தம் பாத்தனீங்களோ?"

"இல்லை அன்ரி, அதுதான் விட்டிட்டுதே. ஏழும் தாண்டிட்டம். ஆள் அலுப்பில படுத்திருக்கிறார், படுக்கட்டும்."

கொன்ஸ்ரன்ஸ் வேறொன்றும் கேட்கவில்லை. அவளும் ஏழைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு வருசம் மரண அறிவித்தல் எடுத்தவள், டெங்கில் போன பிள்ளைகளின் தாய்மார் எத்தனை பேர் அந்தக் கவுண்டரில் நின்று "காய்ச்சல் விட்டபிறகுதான் மிஸ்" என்று சொல்லி அழுதிருப்பார்கள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனிக்கவேண்டிய நேரம் என்று கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அந்த இரண்டு பெண்களுக்கும் அது ஞாபகம் வரவில்லை. ஏழு தாண்டிவிட்டது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தான் வாய் திறக்காமலே காரியம் முடிந்தது என்று கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு நிம்மதி வேறு.

அன்று பின்னேரம் ஜனாவைத் திறீவீலில் ஏற்றினார்கள். கை கால் ஐஸ் மாதிரி, வயிறு ஊதி, கதைக்கத் தெம்பில்லை. ஏன் நேற்றுக் கொண்டுவரவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை பகல் ஆள் முடிந்துபோனான். இருபத்தொன்பது வயது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜனாவின் தமையன் வந்தார். நேரே கொன்ஸ்ரன்ஸின் வீட்டுக்குத்தான் வந்தார். "மிஸ், நீங்கள்தானே உதெல்லாம் எழுதிற ஆள். தம்பிக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ. லைற்போஸ்டுகளில ஒட்டவும் வேணும்."

எழுத இருந்தாள். பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன். "இறைவனடி சேர்ந்தார்" என்கிற இடம் வர பேனை ஓடவில்லை. "காலமானார்" என்று போட்டாள். கடைசி வரியை எழுதாமலே தாளை நீட்டினாள். தமையன் வாசித்தார். "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் எண்டது எங்க மிஸ்? அது இல்லாட்டி அறிவித்தல் மாதிரி இல்லை." எழுதினாள். "கீழ, தகவல்?" என்றார். "மனைவி ஹம்சிகா" என்று எழுதினாள்.

அச்சடித்துக்கொண்டு வந்தவர்கள் வழக்கம்போல ஒழுங்கை முழுக்க ஒட்டினார்கள். மதிலிலும் ஒட்டினார்கள், தகரப் பலகைக்குப் பக்கத்திலேயே. அதே கறுப்புக் கரை, அதே 'ஏற்றுக்கொள்ளவும்'. றோட்டால் போகிற சனம் நின்று முதலில் ஒன்றை வாசித்தது, பிறகு மற்றதை வாசித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பழனியம்மா இடியப்பத் தட்டோடு வந்தவள், அந்தப் பக்கம் திரும்பாமல் றோட்டைக் கடந்து போனாள். பௌஸி ஸ்குரூட்ரைவரோடு வந்து, தானே பலகையைக் கழற்றினார். நாலு துவாரம் மட்டும் மதிலில் மிஞ்சியது.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஹம்சிகா ஊருக்குப் போக வெளிக்கிட்டாள். கீழே வான் நின்றது. கொன்ஸ்ரன்ஸ் மாடிப்படி ஏறிப் போனாள். வெறும் வீட்டில், சுவரோடு சாய்ந்து ஒரு சூட்கேஸின்மேல் பிள்ளை இருந்தாள். தான் வைத்த பையைப் பற்றி அவள் இதுவரைக்கும் வீட்டார் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் ஊருக்குப் போகப்போகிறாள் என்று கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரியும். அந்தச் சுமையையாவது இறக்கிவிடுவோம் என்றுதான் போனாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

"பிள்ளை, உன்னால இல்லை. அது சத்தியமா உன்னால இல்லை. நானும் வைச்சனான்."

ஹம்சிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு முதலே. அதே இடத்தில. இறால் கோது. ஏழு நாள் எண்ணினனான். ஒண்டும் நடக்கேல்ல. வெறும் தகரம் பிள்ளை அது, வெறும் தகரம்."

கீழே வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அண்டைக்கு நான் வந்து கேக்கேக்க இது தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் அவருக்குக் காய்ச்சலைப் பாக்கேல்ல அன்ரி. நாளைப் பாத்துக்கொண்டிருந்தனான்." குரல் ஏறவில்லை, ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பி நின்றாள். "ரெண்டு பேரும்தானே வைச்சம். உங்களுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்ல?"

பதிலுக்கு நிற்கவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

கொட்டாஞ்சேனையில் இப்போது அந்த மதிலடிதான் மிகச் சுத்தமான இடம். பலகை இல்லை, ஆனாலும் ஒரு கடதாசித் துண்டு போட ஆளில்லை. கொன்ஸ்ரன்ஸ் மிஸ் பஸ்ஸில் ஏறினால் யன்னல் பக்கம் இருப்பதில்லை. பலகைகள் வந்துவந்து போகும், அவள் கையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஞாயிறு விடியக்காலை முதல் பூசைக்குப் போகிறபோது மட்டும் அவளுடைய கையில் ஒரு பை இருக்கும். அந்த நாலு துவாரத்துக்கு நேர் கீழே அதை வைப்பாள். பௌஸி கடையைத் திறந்துகொண்டே பார்ப்பார். லொறி வந்தால் எடுத்துக்கொண்டு போகும். அவள் வீட்டுக்கு வந்து எண்ணத் தொடங்குவாள். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. ஏழாம் நாள் பின்னேரம் நல்ல சீலையை எடுத்து உடுத்துவாள். எட்டாம் நாள் கண் விழிக்கும், பூனை காலடியில் கிடக்கும். எழும்பிப் போய் அடுத்த ஞாயிறுக்கு இன்னொரு பையைக் கட்டுவாள்.